மொரீசியஸ் நிதித்துறை: சென்னையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

பெருங்குடியில் ஒரு ஃபண்டு அட்மினிஸ்ட்ரேஷன் அலுவலகத்தில், அதாவது முதலீட்டு நிதிகளின் கணக்கையும் ஆவணங்களையும் பார்த்துக்கொள்கிற இடத்தில், பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் மேசைக்கு வருகிற கணக்குகளில் பாதிக்கு மேல் மொரீசியஸில் பதிவான ஃபண்டுகள்தான். அதனால் அந்தத் தீவைப் பற்றி எல்லோரும் என்னிடம்தான் கேட்கிறார்கள். புதிதாகச் சேர்கிற பிள்ளைகள், ஆடிட்டர் நண்பர்கள், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் சித்தப்பா என்று ஆளுக்கொரு கேள்வி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மொரீசியஸுக்கும் நமக்கும் அப்படி என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது, அதுவும் ரொம்பப் பழையது. 1746-இல் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்களே, அந்தப் படையை நடத்தி வந்த லபோர்தொனே மொரீசியஸின் ஆளுநர். தலைநகர் போர்ட் லூயியை உருவாக்கியவரும் அவர்தான், கட்டட வேலைக்குப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் போனார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக ஆட்கள் போனபோது சென்னைத் துறைமுகத்திலிருந்தும் போனார்கள். இன்றைக்கும் அங்கே தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை.

அந்த ஊர் ரூபாய் நோட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள், தமிழ் எழுத்து இருக்கும். நூறு ரூபாய் நோட்டில் இருக்கிற முகம் ரெங்கநாதன் சீனிவாசன் என்கிற தமிழ் வம்சாவளித் தலைவருடையது. 1998-இல் புது நோட்டு அடித்தபோது தமிழைக் கீழே இறக்கி இந்தியை மேலே போட்டுவிட்டார்கள் என்று தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள், கடைசியில் மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு நாட்டின் பணத்தில் நம் எழுத்து இருக்கும்போது அந்தப் பணத்தின் நல்ல பெயரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை வருவது இயல்புதானே.

கரும்பு விளைகிற ஊர் எப்படி நிதி மையம் ஆனது?

1968 மார்ச் 12-இல் சுதந்திரம் கிடைத்தபோது அவர்களிடம் சர்க்கரையைத் தவிர சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ஜேம்ஸ் மீட் என்கிற பொருளாதார அறிஞர், பிற்பாடு நோபல் பரிசு வாங்கியவர், 1961-இலேயே இந்தத் தீவின் எதிர்காலம் இருட்டாக இருக்கிறது என்கிற ரீதியில் அறிக்கை கொடுத்திருந்தார். ஜனத்தொகை ஏறிக்கொண்டே போகிறது, நிலம் கையளவு, புயல் அடித்தால் விளைச்சல் போச்சு. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அன்றைய நிலைமை அப்படித்தான் இருந்தது.

அப்புறம் 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் கொண்டு வந்து ஆயத்த ஆடைத் தொழிலை வளர்த்தார்கள், கூடவே சுற்றுலா. 1980-களின் கடைசியில்தான் நிதிச் சேவை பக்கம் திரும்பினார்கள். 1989-இல் பங்குச் சந்தை வந்தது, 1992-இல் வெளிநாட்டுத் தொழில்களுக்கென்று தனிச் சட்டம், 2001-இல் வங்கி அல்லாத நிதிச் சேவைகள் எல்லாவற்றையும் கண்காணிக்க நிதிச் சேவைகள் ஆணையம், 2007-இல் அந்த ஆணையத்துக்குக் கூடுதல் பலம் கொடுத்த புதுச் சட்டம். 2006-இல் நிதியமைச்சராக இருந்த ராமா சித்தானென், இவரும் தமிழ் வம்சாவளிதான், வரியை ஒரே விகிதமாக 15 சதவீதத்துக்குக் கொண்டு வந்து, கம்பெனி தொடங்குவதற்கான அனுமதிச் சிக்கல்களையும் அறுத்து எறிந்தார். உலக வங்கியின் தொழில் செய்ய எளிதான நாடுகள் பட்டியலில், 2020-க்கான அறிக்கையில், மொரீசியஸ் 13-வது இடம்.

சட்டத்தில் பாதி பிரெஞ்சு வழி, பாதி ஆங்கில வழி. கடைசி மேல்முறையீடு இன்றைக்கும் லண்டனில் இருக்கிற பிரிவி கவுன்சில் என்கிற மேல்முறையீட்டு மன்றத்துக்குப் போகிறது. தன் பணத்தை வைத்திருக்கிற வெளிநாட்டுக்காரனுக்கு இது பெரிய தைரியம், ஏனென்றால் அரசாங்கத்தோடேயே சண்டை வந்தாலும் கடைசித் தீர்ப்பு அரசாங்கத்தின் கையில் இல்லை. இன்றைக்கு அந்நாட்டுப் பொருளாதாரத்தில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு நிதித்துறையிலிருந்து வருகிறது.

'மொரீசியஸ் ரூட்' என்கிறார்களே, அது என்ன?

1982-இல் இந்தியாவும் மொரீசியஸும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் போட்டன. அதன்படி, மொரீசியஸில் இருக்கிற கம்பெனி இந்தியாவில் பங்கு வாங்கி லாபத்துக்கு விற்றால், அந்த மூலதன ஆதாயத்துக்கு வரி போடுகிற உரிமை அப்போது மொரீசியஸுக்குத்தான் இருந்தது. மொரீசியஸிலோ மூலதன ஆதாய வரியே கிடையாது. ஆக, அன்றைக்கு இரண்டு பக்கமும் வரி இல்லை. அமெரிக்காக்காரனோ ஐரோப்பாக்காரனோ இந்தியாவில் முதலீடு செய்ய நினைத்தால் போர்ட் லூயியில் ஒரு கம்பெனி திறந்து அதன் வழியாக வந்துவிடுவான்.

1991-க்குப் பிறகு இந்தியச் சந்தை திறந்ததும் இந்த வழியில் வெள்ளமாய்ப் பணம் வந்தது. இந்தக் கம்பெனி வரிக்கு எங்கள் ஊர்க் கம்பெனிதான் என்று மொரீசியஸ் அரசு கொடுக்கிற வரி வதிவிடச் சான்றிதழ் இருந்தாலே சலுகைக்குப் போதும் என்று 2000-இல் நம் வருமான வரித் துறையே சுற்றறிக்கை விட்டது, அதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றமும் சுற்றறிக்கை செல்லும் என்றுவிட்டது. 2000-த்திலிருந்து இந்தியாவுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் தீவின் பெயரில்தான் இருக்கிறது. பன்னிரண்டரை லட்சம் பேர் இருக்கிற ஊர்!

அப்படியென்றால் அது கருப்புப் பண ஊர்தானே?

கேட்கிற எல்லோரிடமும் நேராகவே சொல்கிறேன். கருப்புப் பணமும் அந்த வழியாக வந்தது, இங்கிருந்து வெளியே போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்த பணமும் அதில் இருந்தது. ஆனால் அங்கே இருக்கிற பணமெல்லாம் அப்படிப்பட்டது என்று சொல்வது அநியாயம். வெளிநாட்டு ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி, பல்கலைக்கழக அறக்கட்டளைப் பணம், ஆப்பிரிக்காவில் மின் நிலையம் கட்டப் போகும் வளர்ச்சி வங்கிகளின் பணம் எல்லாம் மொரீசியஸ் வழியாகப் போவதை என் கண்ணாலேயே கணக்கில் பார்த்திருக்கிறேன்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நல்ல பணத்தையும் கெட்ட பணத்தையும் பிரித்துப் பார்க்க அந்த நாட்டிடம் போதுமான ஆட்களும் இல்லை, பார்த்தே ஆக வேண்டும் என்கிற நெருக்கடியும் இல்லை. சட்டப் புத்தகத்தில் எல்லாம் இருந்தது. கோப்பைத் திறந்து பார்க்கிற கைதான் இல்லை. இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

2016-இல் ஒப்பந்தத்தை மாற்றியதும் அந்த ஊர் கதை முடிந்தது என்றார்களே?

எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், இரண்டு பேர் வேறு வேலைகூடத் தேடிவிட்டார்கள். 2016 மே 10-இல் கையெழுத்தான திருத்தத்தின்படி, 2017 ஏப்ரல் 1-லிருந்து வாங்கிய பங்குகளை விற்றால் இந்தியாவே வரி போடலாம். முதல் இரண்டு வருடம் பாதி வரி, 2019 ஏப்ரலிலிருந்து முழு வரி. அந்தப் பாதி வரிச் சலுகைகூட மொரீசியஸில் நிஜமாகவே செலவு செய்து தொழில் நடத்துகிறவர்களுக்குத்தான், அதற்கு வருடத்துக்குக் குறைந்தது 15 லட்சம் மொரீசியஸ் ரூபாய் என்று வரம்பும் வைத்தார்கள். வெறும் பெயர்ப் பலகைக் கம்பெனிக்கு ஒன்றும் கிடையாது. 2024 மார்ச்சில் இன்னொரு திருத்தமும் கையெழுத்தானது. வரியைத் தப்புவதுதான் ஒரு ஏற்பாட்டின் முக்கிய நோக்கங்களில் ஒன்று என்று தெரிந்தால் சலுகையை மறுக்கலாம் என்பது அதன் சாரம்.

மொரீசியஸும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 2018 நிதிச் சட்டத்தில், வெளிநாட்டுத் தொழில் கம்பெனிகளுக்குக் கொடுத்துவந்த பழைய இரண்டு வகை லைசென்ஸையும் எடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் வெளிநாட்டில் வரி கட்டியதாகவே பாவித்து 80 சதவீதம் கழித்துக்கொள்ளலாம், 15 சதவீத வரி நடைமுறையில் 3 சதவீதமாகிவிடும். அதுவும் போனது. இப்போது குறிப்பிட்ட சில வருமானங்களுக்கு மட்டும் 80 சதவீதம் விலக்கு உண்டு, ஆனால் அந்த வருமானத்தை ஈட்டுகிற வேலை அந்த மண்ணிலேயே நடக்க வேண்டும். உள்ளூர்வாசிகளான இரண்டு டைரக்டர்கள், உள்ளூர் வங்கிக் கணக்கு, உள்ளூரில் தணிக்கை என்று நிபந்தனைகள். பழைய லைசென்ஸ்காரர்களுக்கு 2021 ஜூன் 30 வரை அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் பட்டியலில் இருந்த சில கம்பெனிகள் அதற்குள் சத்தமில்லாமல் மூடிக்கொண்டன. அவை போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

சாம்பல் பட்டியல் என்றால் என்ன? அதில் ஏன் மாட்டினார்கள்?

பணமோசடித் தடுப்பைக் கண்காணிக்கிற எஃப்.ஏ.டி.எஃப். என்கிற சர்வதேச அமைப்பு, குறைபாடு உள்ள நாடுகளைக் கூடுதல் கண்காணிப்பில் வைக்கும். அதைத்தான் சாம்பல் பட்டியல் என்கிறோம். 2020 பிப்ரவரியில் மொரீசியஸ் அதில் ஏறியது. அதைப் பார்த்து ஐரோப்பிய ஒன்றியமும் தன் அபாயப் பட்டியலில் சேர்த்தது, 2020 அக்டோபர் 1-லிருந்து அது அமலுக்கு வந்தது.

காரணங்களைப் பார்த்தால் மேலே சொன்னதேதான். வெளிநாட்டுக் கம்பெனிகளையும், வக்கீல், நகைக் கடை, ரியல் எஸ்டேட் போன்ற துறைகளையும் அபாயத்துக்குத் தகுந்தபடி மேற்பார்வை செய்யவில்லை, ஒரு கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்று உடனே எடுத்துக் கொடுக்க முடியவில்லை, பணமோசடி வழக்குகளை விசாரிக்கப் பயிற்சியான ஆட்கள் போதாது, தொண்டு நிறுவனங்கள் மேல் சரியான கண்காணிப்பு இல்லை, ஐ.நா. தடைப்பட்டியலில் இருக்கிறவர்களின் சொத்தை முடக்குகிற ஏற்பாடு பலவீனம்.

கொரோனாவால் சுற்றுலா அடியோடு நின்றுபோன வருடம் அது. விமானமே இறங்காத தீவில் இருந்த இன்னொரு வருமானத்திலும் கல் விழுந்தது. ஐரோப்பிய வளர்ச்சி வங்கிகள் அந்தப் பட்டியலில் இருக்கிற நாட்டின் வழியாகப் புதிதாகப் பணம் அனுப்பத் தங்கள் விதியே இடம் கொடுக்காது என்றன. வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த எங்களுக்கு, ஒவ்வொரு ஐரோப்பிய வங்கியிலிருந்தும் நாற்பது ஐம்பது கேள்விகள் அடங்கிய படிவம் வந்தது. மூன்று நாளில் போய்ச் சேர வேண்டிய பணம் மூன்று வாரம் நின்றது.

எப்படி வெளியே வந்தார்கள்?

இருபதே மாதத்தில். 2021 அக்டோபரில் எஃப்.ஏ.டி.எஃப். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், அடுத்த வருடம் ஐரோப்பிய ஒன்றியமும். 2020 ஜூலையில் ஒரே சட்டத்தில் பல சட்டங்களைத் திருத்தினார்கள், அது ஒரு பக்கம். ஆனால் பிரதமர் தலைமையிலேயே குழு போட்டு, ஒவ்வொரு குறைக்கும் ஒரு துறையைப் பொறுப்பாக்கி, நேரில் போய் ஆய்வு செய்து, தவறியவர்கள் மேல் நடவடிக்கை எடுத்ததுதான் வேலை செய்தது என்பது என் கருத்து. சட்டம் மாறியது எங்களுக்குச் செய்தியாகத்தான் தெரிந்தது. ஆய்வாளர் வருகிறார் என்றபோதுதான் உடம்பில் உறைத்தது.

ஒரு கோப்பைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒரு முதலீட்டுக் கம்பெனி, அதற்கு மேலே இன்னொரு தீவில் ஒரு கம்பெனி, அதற்கும் மேலே ஒரு குடும்ப டிரஸ்ட். கடைசி ஆள் யார் என்ற கட்டத்தில் ஒரு பாஸ்போர்ட் நகல், அதுவும் போட்டோ இருக்கிற இடம் கறுப்பாக, காலாவதித் தேதி முடிந்து இரண்டு வருடம். முகவரிச் சான்றாக ஒரு கரன்ட் பில், அதில் வேறு ஒருவர் பெயர். இந்தக் கோப்பு ஆறு வருடமாக 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையோடு இருந்தது! முத்திரை போட்டது யாரோ இல்லை, எங்களைப் போன்ற ஒரு மேசைதான். 2020 கடைசியில் போர்ட் லூயி அலுவலகத்துப் பெண், ஆணையத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று, நமக்குக் காலை பத்தரை மணி, அவர்களுக்கு ஒன்பது, ஒவ்வொரு நாளும் போன் போட்டு இந்த மாதிரிக் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார். புது பாஸ்போர்ட் நகல், டிரஸ்ட் பத்திரம், பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம் என்று கேட்டுக் கடிதம் போனது. அந்த வாடிக்கையாளர் பதில் போடவே இல்லை. கணக்கை மூடினோம்.

அந்த ஒன்றரை வருடம் இப்படி எத்தனை கோப்பு பார்த்தோம் என்று எண்ணவில்லை, கண் எரிந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் 2024 மார்ச்சில் பழைய ஊழல் தடுப்பு ஆணையத்தை எடுத்துவிட்டு, நிதிக் குற்றங்கள் ஆணையம் என்று புதிதாக ஒன்றை அமைத்தார்கள்.

உள்ளூர் மக்களின் பணம் பத்திரமாக இருந்ததா?

எல்லா நேரமும் இருந்தது என்று சொல்ல முடியாது. 2015 ஏப்ரலில் பிராமர் வங்கியின் உரிமத்தை மத்திய வங்கி ஒரே ராத்திரியில் ரத்து செய்தது. அது சார்ந்திருந்த பி.ஏ.ஐ. குழுமத்தின் காப்பீட்டுத் திட்டங்களில் ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் ஓய்வுக்கால சேமிப்பைப் போட்டிருந்தார்கள். அரசு உள்ளே வந்து, வங்கியை எடுத்து, இன்னொரு அரசு வங்கியோடு சேர்த்து 2016-இல் மௌபேங்க் என்று ஆக்கியது. சென்னையில் தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு முளைத்த பெனிஃபிட் ஃபண்டுகளில் பணம் போட்டு ஏமாந்த குடும்பங்களுக்கு அந்த மக்களின் மனநிலையை நான் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பணத்துக்கு மாலை போடுகிற அவசரத்தில் உள்ளூர்ச் சேமிப்பின் மேல் கண் வைக்க மறந்தால் இப்படித்தான் ஆகும்.

அரசு எவ்வளவு தூரம் தலையிடலாம்?

விதி போடலாம், ஆய்வு செய்யலாம், தண்டிக்கலாம். ஆனால் மத்திய வங்கியின் பெட்டியில் கை வைக்கக் கூடாது என்பேன். 2020-இல் கொரோனா நெருக்கடியில் மொரீசியஸ் மத்திய வங்கி 6,000 கோடி மொரீசியஸ் ரூபாயை அரசுக்கு அப்படியே கொடுத்தது, அதோடு கம்பெனிகளைக் காப்பாற்ற 8,000 கோடியில் ஒரு முதலீட்டு நிறுவனத்தையும் தானே தொடங்கியது. வேலை இழப்பைத் தடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தது, அதை மறுக்கவில்லை. என்றாலும் மத்திய வங்கி அந்த நிறுவனத்தைக் கைகழுவ வேண்டும் என்று பன்னாட்டு நிதியமே திரும்பத் திரும்பச் சொன்னது. 2022-இல், நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடுகிற மூடிஸ் நிறுவனம் அந்நாட்டின் தரத்தை முதலீட்டுக்குத் தகுந்தது என்கிற வரிசையின் கடைசிப் படிக்கு இறக்கியது. கண்காணிக்கிறவனே கடைக்குப் பங்காளியானால் யார் யாரைத் தட்டிக் கேட்பது?

கிஃப்ட் சிட்டி வந்த பிறகு மொரீசியஸ் எதற்கு?

நியாயமான கேள்வி. கிஃப்ட் சிட்டி என்பது குஜராத்தில் இந்தியா அமைத்திருக்கிற சர்வதேச நிதி மையம். அதற்கு 2020-இல் தனி ஆணையம் அமைத்த பிறகு அங்கே நகர்ந்த ஃபண்டுகளை நானே மாற்றிக் கொடுத்திருக்கிறேன். சிங்கப்பூரும் முந்திக்கொண்டு போகிறது. இந்தியாவை மட்டும் நம்பி இருந்தால் மொரீசியஸ் தேய்ந்துதான் போகும். அதனால்தான் ஆப்பிரிக்கா பக்கம் பார்க்கிறார்கள். நிறைய ஆப்பிரிக்க நாடுகளோடு வரி ஒப்பந்தமும் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தமும் இருக்கின்றன, ஆங்கிலமும் பிரெஞ்சும் சரளமாகப் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். கிரிப்டோ போன்ற மெய்நிகர் சொத்துகளுக்கு 2021-இல் சட்டம், புது வகை ஃபண்டு அமைப்புக்கு 2022-இல் சட்டம் என்று வேகமாகவும் போகிறார்கள். எனக்குக் கவலை அந்த வேகத்தில்தான். கிரிப்டோவுக்கு லைசென்ஸ் கொடுப்பது சுலபம், அதைப் பார்வையிடத் தெரிந்த இருபது ஆய்வாளர்களைத் தயார் செய்ய வருடக்கணக்காகும்.

கொழும்புத் துறைமுக நகரம் இப்படி வர முடியுமா?

2021-இல் தனிச் சட்டமும் ஆணையமும் போட்டிருக்கிறார்கள், வரிச் சலுகையும் உண்டு. ஆனால் இலங்கையும் 2017-லிருந்து 2019 வரை சாம்பல் பட்டியலில் இருந்த நாடு, 2022-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடு. மொரீசியஸுக்கு முப்பது வருடம் பிடித்தது. சலுகையைக் காட்டி யாரையும் அழைக்கலாம், இருக்க வைப்பது நீதிமன்றமும் மேற்பார்வையும்தான். அது வந்தால் வரும்.

பி.காம். முடித்திருக்கிறேன், இந்தத் துறையில் வேலை கிடைக்குமா?

கிடைக்கும். சென்னையில் ஓ.எம்.ஆர். முழுக்க ஃபண்டு கணக்கு, கேஒய்சி (வாடிக்கையாளர் யார் என்று சரிபார்ப்பது), கம்ப்ளையன்ஸ் (விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பது) வேலை இருக்கிறது. கணக்கு தெரிந்தால் மட்டும் போதாது தம்பி தங்கைகளே, ஒரு கம்பெனிக்குப் பின்னால் யார் என்று படம் வரைந்து பார்க்கிற பழக்கம் வேண்டும். படிவம் நிரம்பியிருக்கிறது என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். சந்தேகம் வந்தால் மேலாளர் முகம் சுளித்தாலும் எழுத்தில் கேளுங்கள்.

மொரீசியஸ் ஃபண்டு என்று சொல்லி ஒருவர் பணம் கேட்கிறார். போடலாமா?

முதலில் நிதிச் சேவைகள் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிற லைசென்ஸ் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடுங்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. பெயர் இருந்தாலும் எந்த வகை லைசென்ஸ் என்று பாருங்கள். வெளிநாட்டுத் தொழில் செய்கிற கம்பெனிக்குக் கொடுக்கிற குளோபல் பிசினஸ் லைசென்ஸ் இருப்பதாலேயே பொதுமக்களிடம் பணம் வாங்கலாம் என்று ஆகிவிடாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஃபண்டின் அட்மினிஸ்ட்ரேட்டர் யார், ஆடிட்டர் யார் என்று கேட்டு அவர்களிடமே நேரில் உறுதி செய்யுங்கள். இங்கிருந்து பணம் அனுப்புவதென்றால் ரிசர்வ் வங்கித் திட்டப்படி ஒருவர் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வங்கி மூலம் மட்டும்தான். ரொக்கமாகக் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

போன தை மாதம் தாம்பரத்தில் ஒரு கல்யாணத்தில் சித்தப்பா ஒரு சான்றிதழின் போட்டோவைக் காட்டினார். மொரீசியஸ் கொடி, தங்க நிற முத்திரை, லைசென்ஸ் எண், எல்லாம் இருந்தது. பதினைந்து லட்சம் கேட்டிருக்கிறார்கள், ஓய்வு பெற்றபோது வந்த பணம். பந்திக்கு நின்ற வரிசையிலேயே போனில் பதிவேட்டைத் திறந்து எண்ணை அடித்தேன், ஒன்றும் வரவில்லை. பெயரை அடித்தேன், அதுவும் இல்லை. சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அவரே இன்னொரு முறை அடித்தார். அப்போதும் இல்லை.